மம்மு கிணற்றில் இல்லை

சௌடேஸ்வரிக்குப் பயப்படுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். நாயைக் கண்டால் பயம். கண்டக்டர் சில்லறை கேட்டால் பயம். ஹெட்மாஸ்டர் செருமினால் பயம். பள்ளிக்கூடச் சுவரில் ஓணான் ஏறினால்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். எனக்கோ கோபம் மூக்கு மேலேயே நிற்கும். "இப்படி நடுங்குறவ எதுக்குடி வேலைக்கு வந்த? வீட்டுல தறிக்கு நூல் சுத்திக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று ஒருநாள் பஸ்ஸில் வைத்தே கேட்டுவிட்டேன்.

"வீட்டுலயும் பயந்தான் ஹேமாக்கா. தறி மோட்டாரு ஷாக் அடிச்சிருமோன்னு" என்றாள். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள்.

இரண்டு பேரும் அருப்புக்கோட்டையில் ஏறி, திருச்சுழி போகிற வழியில் இறங்குகிறவர்கள். ரோட்டிலிருந்து சீமைக்கருவேலங் காட்டுக்கு நடுவே மண்பாதையில் நடந்தால் சுண்டங்குளம். ஊர் சிறியது, பள்ளிக்கூடம் அதைவிடச் சிறியது. ஹெட்மாஸ்டரும் நானும் பெரிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம். சௌடேஸ்வரி ஒன்றாம் வகுப்புக்குப் போட்டிருந்த தற்காலிக டீச்சர். அவளுக்கு முன்னால் இருந்தவர் பிரம்பை வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். இவளைப் பார்த்ததும், பிள்ளைகள் இவளை விற்றுவிட்டு வந்துவிடும் என்று முடிவு கட்டினேன்.

ஒரு வாரம் போனதும் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஆளைக் காணோம். குறுக்கே கயிறு கட்டிப் பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தாள். சேலைக்கு மேலே ஒரு பொம்மை மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. காலுறையில் பஞ்சை அடைத்து, அண்ணன் தறியில் விழுந்த கழிவு நூலைத் தலைமுடியாக ஒட்டி, சிவப்புத் துணியில் பெரிய உதடு தைத்த பொம்மை. "ம்ம்ம்ம்" என்றது. பிள்ளைகள் எல்லாம் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்றார்கள். அந்தப் பொம்மைக்குப் பெயர் மம்மு. 'ப' சொல்ல ஒன்று, 'ட' சொல்ல ஒன்று என்று மற்ற பொம்மைகளும் இருந்தன. ஆனால் பிள்ளைகளுக்கு உயிர் மம்முவிடம்தான். எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்காமல் முதலில் அதன் சத்தத்தைக் கொடுத்தாள். சத்தம் வாயில் உட்கார்ந்த பிறகுதான் பலகையில் எழுத்தே வந்தது.

"அது சரி, சேலைக்குப் பின்னால ஏன்டி ஒளியிற?" என்றேன்.

காரணம் பிறகுதான் சொன்னாள். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். ஒன்றாம் வகுப்பில் அவள் தண்ணீர் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டுவிட, வகுப்பே சிரித்ததாம். டீச்சரும் சேர்ந்து சிரித்தாராம். அன்றிலிருந்து எதிரே நாலு முகம் தெரிந்தால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கையில் பொம்மையும் முன்னால் ஒரு மறைப்பும் இருந்தால் மட்டும் பேச்சு வரும். அதைக் கேட்டபோது அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அதன் பிறகு அவளைக் கிண்டல் செய்வதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

அந்த வகுப்பில் அஷ்வினி என்று ஒரு பிள்ளை. கரிமூட்டம் போடுகிற சங்கையாவின் மகள். சீமைக்கருவேலை வெட்டி அடுக்கி, மண் பூசி, தீ வைத்துக் கரியாக்குகிற வேலை அவருக்கு. காலையில் மகளைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுக் கரிபடிந்த வேட்டியோடு தலையைக் குனிந்தபடி போய்விடுவார். அஷ்வினி பேச மாட்டாள். ஊமை இல்லை, பேச மாட்டாள், அவ்வளவுதான். பெயரைக் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். சத்தம் போட்டால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அம்மாவைப் பற்றி விசாரித்தோம். "அவ ஊருக்குப் போயிருக்கா" என்றார் சங்கையா. சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பாள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அந்த வருஷம்தான் வந்து சேர்ந்த வெளியூர்க்காரிகளான எங்களிடம் ஊரில் வேறு யாரும் எதையும் சொல்லவில்லை.

அந்த அஷ்வினிதான் மம்முவிடம் மாட்டினாள். மற்ற எழுத்துக்கெல்லாம் வாயைத் திறக்க வேண்டும். 'ம்'முக்குத் திறக்க வேண்டாம். மம்மு அவள் முகத்துக்கு நேரே குனிந்து "ம்ம்ம்" என்றது. பிறகு மூடின உதட்டுக்குள்ளிருந்து மெல்ல "ம்ம்ம்" வந்தது. சௌடேஸ்வரி சேலையை ஒதுக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்து, "அக்கா, சத்தம் குடுத்துட்டாக்கா!" என்று அழுதாள். சந்தோஷத்துக்கும் அவள் அழுவாள்.

இதில் ஒரு விஷயத்தை விளக்கிச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். அருப்புக்கோட்டையில் அவள் தெருவில் சௌடம்மன் திருவிழா நடக்கும். அவள் பெயரே அந்த அம்மன் பெயர்தான். சாமியை முதலில் கிணற்றடிக்குப் போய் அழைத்துவர வேண்டும். ஆண்கள் கத்தியை மார்பில் தட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள். சாமியாக வைத்த கலசம் நகரவில்லை என்றால், கூப்பிட்டது சரியில்லை என்று மறுபடியும் கூப்பிடுவார்கள். மனசோடு சரியாகக் கூப்பிட்டால் அம்மன் வந்தே தீர வேண்டும். சின்ன வயதில் அவள் அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு, கத்தியைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு, ஆனாலும் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்ததிலேயே பயமும் சந்தோஷமும் சேர்ந்த ஒரே விளையாட்டு அதுதான்.

அதை வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டாள். பின்பக்கம் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குடத்தைச் சேலையை ஒட்டி வைத்து, "இதுதான் கிணறு, மம்மு உள்ள தூங்குறா, நீங்க சரியாச் சொன்னாத்தான் மேல வருவா" என்பாள். பிள்ளைகள் குடத்தைச் சுற்றி நின்று சத்தம் கொடுப்பார்கள். ஒருத்தர் தப்பாகச் சொன்னாலும் மம்மு வராது. எல்லாரும் சரியாகச் சொன்னதும் குடத்துக்குள்ளிருந்து முடியைச் சிலுப்பிக்கொண்டு எழும். பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகக் கத்துவார்கள். நானே மெச்சினேன். அவள் தெருக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் உண்டு, வாய்க்கு இரும்புக் கம்பிவலை உண்டு, பூட்டும் உண்டு. கிணறு என்றாலே அவள் மனசில் வருவது அதுதான். சுண்டங்குளத்துக் காட்டில் கிணறுகளுக்குச் சுவரே கிடையாது. மொட்டைக் கிணறு. தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

ஐப்பசி மழை நின்ற பிறகு ஒரு புதன்கிழமை. ஹெட்மாஸ்டர் பயிற்சிக்குப் போயிருந்தார். அன்றைக்கு அவள் 'ம்'மோடு 'ஆ'வைச் சேர்த்து 'மா' சொல்லிக்கொடுத்தாள். மூடின வாய் திறக்கிற எழுத்து. மா, மாமா, அம்மா. அஷ்வினியின் உதடு திறக்கிற மாதிரி வந்து மூடிக்கொண்டதாம். "நாளைக்குச் சொல்லிருவாக்கா" என்று சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள்.

சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் தலையை எண்ணினோம். அஷ்வினி இல்லை.

வழக்கம்போல் பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். இல்லை. கழிப்பறையில் இல்லை. வேப்பமரத்தடியில் அவள் தட்டு மட்டும் கழுவாமல் கிடந்தது. அப்போதுதான் சௌடேஸ்வரி அறைக்குள்ளிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, மம்முவைக் காணோம்" என்றாள்.

"பொம்மை கெடக்கட்டும்டி, புள்ளையத் தேடு!"

"புள்ளைதான்க்கா எடுத்துட்டுப் போயிருக்கு."

சத்துணவு சமைக்கிற மாயக்காள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "பொம்மையை எடுத்துட்டு அது எங்கிட்டுப் போகும்? வெளையாடத்தான் போயிருக்கும்" என்றார். சௌடேஸ்வரி திக்கித் திணறி, மம்மு கிணற்றில் தூங்குவதாகவும், சரியாகக் கூப்பிட்டால் மேலே வரும் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பதைச் சொன்னாள்.

மாயக்காள் கையிலிருந்த சட்டி கீழே விழுந்தது.

"கெணத்துல இருந்து கூப்பிட்டா வரும்னா சொன்னீக? ஐயோ டீச்சரு! அந்தப் புள்ள ஆத்தா அந்தக் கெணத்துலதான போனா!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னாங்களே?"

"அப்படித்தான் புள்ளகிட்டச் சொல்லி வச்சிருக்கோம். ஊரே அப்படித்தான் சொல்லுது. போன வருசம் ஜெயபாண்டி கெணத்துல தண்ணி எடுக்கப் போயி, தவறி விழுந்துட்டா. தூக்கையில இந்தப் புள்ள கரையில நின்னு பாத்துச்சு. அன்னையில இருந்துதான் வாயே தொறக்கல. கெணத்து மேல முள்ள வெட்டிப் போட்டு மூடியிருந்தாக. இப்ப தண்ணி ஏறியிருக்குன்னு மோட்டாரு எறக்க முந்தாநாளுதான் முள்ள வெலக்குனாக…"

சௌடேஸ்வரி குடத்தைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பில்லாமல், கருவேல முள்ளுக்குள். நாய் குரைத்தது, அதைத் தாண்டி ஓடினாள். மாயக்காளைப் பிள்ளைகளிடம் இருக்கச் சொல்லிவிட்டு நானும் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் வேண்டாத எண்ணமாக வந்தது. தண்ணீரில் அஷ்வினியின் பச்சைப் பாவாடை மிதக்கிற மாதிரி, சிவப்பு உதடு மட்டும் மிதக்கிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

கிணற்றடியில் ஜெயபாண்டியும் வேலையாட்கள் சிலரும் ஏற்கெனவே கூடிவிட்டார்கள். பிள்ளை போனதை ஆடு மேய்க்கிற ஒருத்தர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆளாளுக்கு விளிம்பில் நின்று "ஏ அஷ்வினி! ஏ புள்ள!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். உள்ளேயிருந்து அவர்கள் கத்தினதேதான் திரும்பி வந்தது. மோட்டார் இறக்கப் போட்டிருந்த பலகையும் சட்டமும் ஒரு பக்கத்தை மறைத்தன. தெரிந்த மட்டும் கறுப்புத் தண்ணீர். ஜெயபாண்டி சட்டையைக் கழற்றிக்கொண்டு, "நான் குதிச்சுப் பாக்கேன்" என்றார்.

"குதிக்காதீங்க!" என்று ஒரு குரல். இவ்வளவு பெரிய குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். சௌடேஸ்வரி. "எல்லாரும் வாய மூடுங்க. சத்தம் போட்டா அவ ஒளிவா. பயந்து கால வழுக்கிருவா. தயவுசெஞ்சு மூடுங்க!"

எனக்கே அவளைப் பார்த்துப் பயமாக இருந்தது. எல்லாரும் மூடினார்கள்.

அவள் விளிம்பில் குப்புறப் படுத்தாள். உடம்பு மொத்தமும் நடுங்கியது. அவள் தொடும் மண் உள்ளே உதிர்ந்து விழுகிற சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மூடிக்கொண்டு, மம்முவின் குரலில் "ம்ம்ம்ம்" என்றாள்.

ஒன்றுமில்லை. ஒரு காக்கை கத்திவிட்டுப் போனது. ஜெயபாண்டி என்னைப் பார்த்தார், நான் கையைப் பிசைந்தேன். அவள் மறுபடி "ம்ம்ம்ம்" என்றாள்.

பலகைக்கு அடியிலிருந்து மெல்ல "ம்ம்ம்" வந்தது.

உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்லவும் முடியாது, பிள்ளை இன்னும் கிணற்றுக்குள்தான் இருந்தது. பலகையை அசைக்காமல் எட்டிப் பார்த்தால், சுவரில் படிக்கட்டுபோல நீட்டிவிட்ட கற்களில், தண்ணீருக்கு மேலே கடைசிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பாசி பிடித்த கல். மம்மு அவள் கையில் மாட்டியிருந்தது. நான் இறங்குகிறேன் என்று ஜெயபாண்டி சைகை காட்டினார். அவர் நிழல் விழுந்ததுமே பிள்ளை கல்லின் விளிம்புக்கு நகர்ந்தது. அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"நான் போறேன்" என்றாள் சௌடேஸ்வரி.

மோட்டார்க் கயிற்றை அவள் இடுப்பில் கட்டினார்கள். மறுமுனையை ஜெயபாண்டியும் ஆட்களும் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். ஓணானுக்குப் பயப்படுகிறவள் அந்தக் கல்லில் கால் வைக்கும்போது, "அக்கா, பயமா இருக்குக்கா, பயமா இருக்குக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்கினாள். அவளுக்குத் தைரியம் வந்ததாக யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். கயிறு வழியாகவே அந்த நடுக்கம் என் கைக்கு வந்தது.

கிணற்றுக்குள் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் மேலே கேட்கும். அவள் பிள்ளைக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். பிறகு நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு குரல், கரகரத்து, சின்னதாகக் கேட்டது.

"டீச்சர். நான் சரியாத்தான சொன்னேன்?"

சௌடேஸ்வரி அவள் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், கயிறு அசைந்தது.

"அம்மான்னு சொன்னேன். நெறைய சொன்னேன். வரல."

கயிற்றைப் பிடித்திருந்த ஜெயபாண்டி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். பொய் சொல்லியாவது மேலே கொண்டுவந்துவிடுடி, அம்மா மேலே நிற்கிறாள் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"சரியாத்தான் சொல்லியிருக்க தங்கம்" என்றாள். பொம்மைக் குரல் இல்லை, அவளுடைய சொந்தக் குரல், உடைந்து உடைந்து வந்தது. "நீ தப்பே பண்ணல. டீச்சர்தான் தப்பாச் சொல்லிட்டேன். மம்முவுக்குப் பேச வராது. அது துணி. நீ இப்பப் போட்டிருக்கீல்ல, பேசுதா? உள்ள என் கைதான் இருந்துச்சு. நாந்தான் பேசுனேன். குடத்துல இருந்து நாந்தான் தூக்குனேன்."

பிள்ளை கையைப் பார்த்திருக்க வேண்டும். "அப்ப அம்மா?"

"அம்மா செத்துப்போயிட்டாக அஷ்வினி. எவ்வளவு சரியாக் கூப்பிட்டாலும் வர மாட்டாக. வரணும்னு அவுகளுக்கு ஆசையாத்தான் இருக்கும். வர முடியாது."

அப்புறம் ஒரு அழுகை எழுந்தது பாருங்கள். ஒரு வருஷமாக மூடி வைத்திருந்த வாய் முழுசாகத் திறந்து, "அம்மா" என்று அந்தக் கிணறு நிறைய அலறியது. மேலே நின்றவர்கள் பிள்ளை விழுந்துவிட்டது என்று நினைத்துக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தோம். "இழுக்காதீங்க! பிடிச்சிருக்கேன்! பிடிச்சிருக்கேன்!" என்றாள் சௌடேஸ்வரி. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மேலே ஏற்றினோம். பிள்ளை அவள் கழுத்தை விடவே இல்லை. அந்த நேரத்தில் மூட்டத்திலிருந்து சங்கையா ஓடிவந்தார். கரி அப்பிய முகத்தில் கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. கையில் அரிவாள். கருவேல் வெட்டுகிற அரிவாள்தான், கீழே போட மறந்து ஓடிவந்திருக்கிறார். ஆனாலும் நான் ஓரடி பின்வாங்கினேன். சௌடேஸ்வரி பிள்ளையோடு எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, கெணத்துல இருந்து கூப்பிட்டா பொம்மை வரும்னு நாந்தான் சொன்னேன். எனக்குத் தெரியாது. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க."

சங்கையா அவளைப் பார்க்கவே இல்லை. மகளைத்தான் பார்த்தார். "ஆத்தா" என்று கையை நீட்டினார்.

அஷ்வினி டீச்சர் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். மூக்கை உறிஞ்சினாள். அவருக்கு ஏதோ தெரியாத விஷயத்தைச் சொல்கிற மாதிரி, மெதுவாக, பக்குவமாகச் சொன்னாள்.

"அப்பா. அம்மா ஊருக்குப் போகல. செத்துப்போயிட்டாக. இனிமே வர மாட்டாகளாம்ப்பா."

அரிவாள் அவர் கையிலிருந்து நழுவியது. கரிசல் மண்ணில் அப்படியே உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய் விட்டு அழுதார். பிள்ளை இறங்கிப் போய், மம்மு மாட்டியிருந்த கையால் அவர் முகத்தைத் துடைத்தது. கரியெல்லாம் மம்முவுக்குப் போனது.

மறுநாள் சௌடேஸ்வரி பஸ்ஸுக்கு வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். காலெல்லாம் முள் எடுத்த காயம். வகுப்பில் கயிற்றையும் சேலையையும் அவிழ்த்துவிட்டாள். பிள்ளைகள் முகத்துக்கு நேரே நின்று, தொண்டையைக் கனைத்துக் கனைத்து, பொம்மையைக் கையில் மாட்டிக் காட்டி, கழற்றிக் காட்டினாள். மம்மு இனிமேல் பையில்தான் இருக்கும் என்றாள். சாயங்காலம் மம்முவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடுகிற வேலை அஷ்வினிக்கு. மூடிவிட்டு, "மம்மு கெணத்துல இல்ல. பையில இருக்கு" என்று மற்ற பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்லுவாள்.

ஜெயபாண்டி கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார். சௌடேஸ்வரிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை. நாய்க்கு இன்னும் பயப்படுகிறாள், கண்டக்டருக்கும்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் காட்டுப் பாதையில் திரும்பி, வேலியை அசைத்துப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். நேரமாகுதுடி என்று தினமும் அவளைத் திட்டுகிறேன். திட்டிக்கொண்டே கூடப் போய் நானும் எட்டிப் பார்க்கிறேன்.